பெட்டிக்குள் மலை – 9: ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிரதி

போன வாரம் ஸ்கேன் செய்வது வரை வந்தோம். அதைப் படித்துவிட்டு ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "சேர், தாத்தாவோட பிரஜாவுரிமைக் கடுதாசி, பெரியப்பா கல்யாண வீடியோ, தோட்டத்துத் திருவிழாப் படம் எல்லாம் நாலு ஹார்ட் டிஸ்க்குல செதறிக் கெடக்கு. நாலையும் ஒண்ணாக்கி ஒரே பெரிய டிஸ்க்கு மாதிரி வச்சுக்கிறலாமா?" வைத்துக்கொள்ளலாம். பஸ் வந்துவிட்டதால் மீதியை இங்கே சொல்கிறேன்.

முதலில் அளவு. ஒரு ஏ4 தாளை 600 டிபிஐயில், நிறத்தோடு, சுருக்காமல் ஸ்கேன் செய்தால் சுமார் 100 மெகாபைட். 300 டிபிஐ என்றால் அதில் கால்வாசி. ஒன்பதாயிரம் பக்கம் சேர்ந்தால் 600 டிபிஐயில் கிட்டத்தட்ட ஒரு டெராபைட். காமன் கூத்தை மினி டிவி நாடாவில் பிடித்து வைத்திருப்பவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிகாபைட் என்று கணக்குப் போடுங்கள். 4 டெராபைட் டிஸ்க் வாங்கிச் செருகினால் விண்டோஸ் 3.6 என்றுதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

ஒரு கடுதாசிக்கு நூறு மெகாபைட்டா என்று கொழும்பு நண்பர் ஒருவர் சிரித்தார். அவர் வீட்டில் யாரும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விண்ணப்பம் எழுதியவர்கள் இல்லை. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன மறுவருடம் வந்தது இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன்னால் கல்யாணம் ஆனவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் தொடர்ச்சியாக இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது அது. 800,000க்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. செக்ரோலில் பேர் விழுந்த ஒரு பக்கம், பிறப்புப் பதிவு, துரை ஒப்பமிட்ட ஒரு கடிதம் என்று எதையெல்லாம் தேடி அலைந்திருப்பார்கள்! லயக் காம்பிராவில் றங்குப்பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்கும் கீழே அந்தக் காகிதம் இன்னும் கிடப்பது இதனால்தான். எனக்கு நூறு மெகாபைட் குறைவாகத்தான் படுகிறது.

சரி, டிஸ்க்குகளைச் சேர்ப்பது. ஒட்டிப் போடுவது ஒரு வழி: நாலையும் வரிசையாகக் கட்டி ஒன்றாகக் காட்டலாம். இடம் முழுவதும் கிடைக்கும். ஆனால் ஒன்று செத்தால் மற்ற மூன்றிலும் இருப்பதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. இரட்டையாக எழுதுவது இன்னொரு வழி: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம், ஆகவே பாதி இடம்தான்.

மூன்றாவது வழியைப் புரிந்துகொள்ளக் கொழுந்து மடுவத்துக்கு வாருங்கள். மூன்று பெண்கள் நிறுத்த கொழுந்து 12, 15, 9 கிலோ. கணக்கப்பிள்ளை மூன்றையும் எழுதி, கீழே மொத்தம் 36 என்றும் எழுதிவிட்டார். மழைத்தண்ணி பட்டு நடு எண் கரைந்துபோனது. கவலையில்லை, 36இலிருந்து 12ஐயும் 9ஐயும் கழித்தால் 15 வந்துவிடும். இரண்டு எண் கரைந்தால் கணக்கப்பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க்குகளிலும் இதுதான் நடக்கிறது, கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஒற்றையா இரட்டையா என்ற கணக்கை எழுதி வைக்கிறார்கள். விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகளைக் கூட்டாக ஓட்டலாம் என்று 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் இருந்துதான் 'ரெய்ட்' என்ற பெயர் பரவியது. அந்தப் பெயரில் உள்ள ஓர் எழுத்து 'மலிவான' என்பதைக் குறிக்கிறது. எங்களுக்குப் பொருத்தமான எழுத்து.

தம்பியின் நாலு டிஸ்க்கும் நாலு அளவாம்: 500 ஜிகாபைட் ஒன்று, 1 டெராபைட் இரண்டு, 2 டெராபைட் ஒன்று. வழக்கமான ரெய்ட் எல்லாவற்றையும் ஆகச் சிறியதின் அளவுக்கு வெட்டிவிடும்; கணக்கு டிஸ்க் போக மிஞ்சுவது வெறும் 1.5 டெராபைட். ஸ்னாப்ரெய்ட் என்ற இலவச மென்பொருளில் ஆகப் பெரிய டிஸ்க்கைக் கணக்கு எழுத ஒதுக்கினால் மற்ற மூன்றும் முழுதாக, 2.5 டெராபைட்டாக மிஞ்சும். அது நாம் சொல்லும்போது மட்டும் கணக்கு எழுதும். தினமும் மாறும் கோப்புகளுக்கு அது சரிவராது. தாத்தாவின் கடுதாசி தினமும் மாறாதே. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியே கழற்றி எந்தக் கொம்பியூட்டரில் செருகினாலும் அதில் உள்ளதைப் படிக்கலாம் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். நான் போன பிறகு இந்தப் பெட்டியைத் திறக்கப்போவது கொம்பியூட்டர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சில டிஸ்க்குகளில் தடங்களைக் கூரைத் தகரம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். ஒரு தகரத்தை மாற்ற அதன் மேல் ஏறியிருக்கும் மற்றதையும் கிளப்ப வேண்டுமல்லவா, அதுபோல இவற்றில் திருத்தி எழுதுவது மெதுவாக நடக்கும். கூட்டுச் சேமிப்புக்கென்றே விற்ற ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் இதைச் சொல்லாமல் வைத்தார்கள் என்று 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. இந்த முறைக்கு எஸ்எம்ஆர் என்று பெயர்; அது இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொருவர் நுவரெலியா உயரத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடுமா என்று கேட்டிருந்தார். அது 1,868 மீட்டர். பொதுவாக 3,000 மீட்டர் வரைக்கும் ஓடும் என்றே செய்கிறார்கள்.

செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிது போட்டால், மற்றவை எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துத்தான் இழந்ததை மீட்க முடியும். 8 டெராபைட் டிஸ்க் என்றால், நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் பதினைந்து மணித்தியாலம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது ஒருவருக்கு இது நேர்ந்திருந்தால்? சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வேறு. யு.பி.எஸ் இல்லாமல் இந்தக் கூட்டு வேலையில் இறங்காதீர்கள். இடி முழங்கினால் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

இப்போது என் வண்டவாளம். ஸ்னாப்ரெய்ட்டுக்கு மாறுவதற்கு முன்னால் இரண்டு டிஸ்க்கில் இரட்டையாக எழுதிக்கொண்டு, அதுவே காப்பு என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு இரவு தூக்கக் கலக்கத்தில், ஸ்கேன் செய்த ஒரு முழு அடுக்கையும் தேவையில்லாதது என்று நினைத்து அழித்தேன். இரண்டாவது டிஸ்க் மிகவும் விசுவாசமானது. அந்தக் கணமே அதுவும் அழித்தது. வெள்ளவத்தையில் இருக்கும் அக்காள் மகனிடம் தோட்டத்துத் திருவிழாவின்போது கொடுத்தனுப்பிய பிரதியால் பெரும்பகுதி திரும்பி வந்தது. திருவிழாவுக்குப் பிறகு செய்த ஐந்து மாத வேலை வரவில்லை. மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று ஒரு வீட்டுக்குப் போனால், "நீங்க சொன்ன மாதிரியே பத்திரமா வச்சிருக்கோம் சேர்" என்று கொண்டுவந்து நீட்டினார்கள். லெமினேட் செய்திருந்தார்கள். அடியில் குமிழி, மேலே பளபளப்பு. துரையின் கையெழுத்து இருந்த இடத்தில் என் ஸ்கேனர் விளக்குத்தான் தெரிந்தது.

காப்பும் சேர்ந்தே போவது அரசாங்கத்துக்கும் நடந்தது. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி, லங்கா அரசாங்க கிளவுட்டை ஒரு பணப்பறிப்பு வைரஸ் பிடித்தது. கணினியோடு இணைந்தே இருந்த காப்புப் பிரதியையும் அது பூட்டிவிட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்கும் அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000க்கு வந்தவையும் போனவையும் தொலைந்தன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். நிதி, ஆள், கட்டடம் எல்லாம் இருந்த இடம் அது. ஆகவே, உங்கள் காப்பு டிஸ்க் எழுதும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கழற்றியே இருக்கட்டும்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். எங்கள் பக்கம் இந்த 'வேறு இடம்' என்பதற்கு எத்தனை மைல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேல் லயத்தில் ஒன்று, கீழ் லயத்தில் ஒன்று என்று வைத்தால் இரண்டும் ஒரே சரிவில் இருக்கின்றன. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் வரிசையாக மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் ரோடும் கரண்டும் போனும் ஒன்றாகப் போயின. அந்த நாட்களில் பக்கத்துத் தோட்டமும் எட்டாத ஊராகிவிட்டது.

இன்டர்நெட்டில் ஏற்றலாமே என்பீர்கள். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட் ஏற்ற இடைவிடாமல் பதினெட்டரை நாள். முக்கியமான சில நூறு பக்கங்களை மட்டும் அப்படி ஏற்றுங்கள். அச்சான பழைய மலர்கள், இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள் வைத்திருப்பவர்கள், 2005இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்தோடு பேசலாம். குடும்பக் கடுதாசி வேறு விஷயம். அதில் பிறந்த திகதியும் அடையாள எண்ணும் இருக்கும், வீட்டாரைக் கேட்காமல் வெளியே போகக் கூடாது.

பெரும்பகுதி போவது பஸ்ஸில்தான். மலையகத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை இல்லாத வீடு அபூர்வம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் வந்துவிடுவார்கள். ஆகவே இரண்டு வெளி டிஸ்க், கடவுச்சொல் போட்டுப் பூட்டியவை. ஒன்று அங்கே, ஒன்று இங்கே. வரும்போது அங்குள்ளது வரும், போகும்போது புதிது போகும். மூன்று பண்டிகை, வருடத்துக்கு மூன்று மாற்றல். நான் இழந்த ஐந்து மாதமும் இந்த இடைவெளிக்குள் விழுந்ததுதான். அதை அடைக்க இப்போது மாதக் கடைசியில் ஒரு சிறிய டிஸ்க்கில் புதியவற்றை மட்டும் எழுதி, டவுனில் ஒரு நண்பர் வீட்டில் வைக்கிறேன். கடவுச்சொல்லை அக்காள் ஒரு தாளில் எழுதி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பாதுகாப்பு நிபுணர்கள் மன்னிக்க வேண்டும்.

ஹட்டன் குளிரில் இருந்த டிஸ்க் கொழும்புப் புழுக்கத்துக்குள் இறங்கினால் கண்ணாடி போல வியர்க்கும். பையிலேயே சில மணித்தியாலம் கிடந்து சூடேறட்டும், பிறகு செருகச் சொல்லுங்கள். பென் டிரைவைச் சுமக்க மட்டும் பயன்படுத்துங்கள், சேமிக்க வேண்டாம்.

திரும்பி வரும் டிஸ்க்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது கோப்புகளைத் திறந்து பார்ப்பேன். போன பொங்கலுக்கு பத்தொன்பது திறந்தன. இருபதாவது, 1950களின் ஒரு விண்ணப்பம், பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். மருமகன் வயரை மாற்றினார், அப்போதும் அதே சாம்பல். என் வீட்டுப் பிரதியைத் திறந்தோம்; முழுதாக இருந்தது. எழுதும்போதே கெட்டதோ, பஸ்ஸில் குலுங்கியதோ, கண்டுபிடிக்க முடியவில்லை. "மாமா, மத்த ஒன்பதாயிரத்தையும் யார் தெறந்து பாக்கிறது?" என்றார். அன்று ராத்திரியே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட விட்டோம். விடிவதற்குள் இன்னும் மூன்று சாம்பல் பக்கம் அகப்பட்டது.

அந்த எண்ணைப் போடும் முறையும், லெமினேட் செய்த கடுதாசியில் துரையின் கையெழுத்தை எப்படிப் பிடித்தேன் என்பதும் அடுத்த வாரம்.