கால் அறிந்ததைக் கை எழுதட்டும்

ஏழெட்டு வருஷம் பரத நாட்டியம் அப்பியாசம் செய்து, ஒரு வர்ணத்தை முக்கால் மணி நேரம் சளைக்காமல் ஆடி முடிக்கும் பெண்கள்கூட, எழுத்துப் பரீட்சை என்ற பேச்சை எடுத்தவுடன் முகம் வாடிப் போவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஆட்டம் வேறு, சாஸ்திரம் வேறு என்ற எண்ணம் எப்படியோ அவர்கள் மனத்தில் வேரூன்றி விடுகிறது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில், சிநேகிதர் ஒருவர் வீட்டுத் திண்ணையில், அவருடைய பெண் அபிநய தர்ப்பணத்து விநியோகங்களை உருப்போட்டுக் கொண்டிருந்தாள். பதாக ஹஸ்தம் எதற்கெல்லாம் பயன்படும் என்று கேட்டேன். மேகம், வனம், இரவு, நதி என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

“ஏம்மா, மேகத்துக்கும் நதிக்கும் ஒரே கைதானே? பார்க்கிறவர்களுக்கு எப்படி விளங்கும்?” என்றேன். பதில் இல்லை. “சரி, செய்து காட்டு” என்றதும் எழுந்தாள். கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தி மெல்ல நகர்த்தி, அண்ணாந்து பார்த்தாள், மேகம் வந்தது. அதே கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, அலையலையாக நெளியவிட்டுப் பார்வையையும் அதன்பின்னே ஓடவிட்டாள், நதி வந்தது.

“மாமா, இதையா எழுதணும்? இதெல்லாம் புத்தகத்திலே இல்லையே!” என்றாள்.

இதைத்தான் எழுத வேண்டும். கையின் உருவம் ஒன்றாயிருக்க, அதன் ஸ்தானமும் சலனமும் திருஷ்டியும் மாறும்போது பொருளும் மாறுகிறது என்பதைத் தன் சொந்த வாக்கியத்தில் எழுதத் தெரிந்த மாணவிக்கு எழுத்துப் பரீட்சையின் ரஸனை என்ற பகுதியில் கவலைப்பட ஏதுமில்லை. மனனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றைக் கை முத்திரைகள் நாட்டிய சாஸ்திரத்தில் 24, அபிநய தர்ப்பணத்தில் 28; பரதர் கூறிய ரஸங்கள் எட்டு, சாந்தம் பிற்காலத்தில் சேர்ந்தது. இவற்றைக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். நூலின் பெயரையும் எண்ணையும் சேர்த்தே படித்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

மார்க்கம் என்னும் கச்சேரி வரிசையைப் பற்றிய கேள்விக்கு அலாரிப்பு முதல் தில்லானா வரை பெயர்களை அடுக்கிவிட்டு, அதை வகுத்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் பெயர்களையும் சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாள் 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய உரையில், இந்த வரிசையை ஆலயத்துக்குள் செல்வதற்கு ஒப்பிட்டு, அலாரிப்பைக் கோபுரமாகவும், பதத்தைக் கருவறையின் அமைதியாகவும், தில்லானாவைக் கடைசியில் ஏற்றும் கற்பூரமாகவும் கண்டார். வர்ணத்தின் ஆரவாரத்துக்குப் பின் பதம் ஏன் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் அறியேன்.

பரீட்சையின் நாட்டிய அமைப்புப் பகுதியோ, கணக்கும் கற்பனையும் கூடிய இடம். ஆதி தாளத்தில் ஒரு தீர்மானம் அமைக்கச் சொன்னால், சதுச்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ததிங்கிணதொம் என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மும்முறை சொன்னால் 15. ஆகவே 17 மாத்திரையைக் கழித்துவிட்டுத் தொடங்கினால் அடுத்த சமத்தில் வந்து சேரலாம். இடையிடையே இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால் தொடக்கம் 13 மாத்திரைக்குப் பின் என்று முன்னே நகரும். அந்த இரண்டு மாத்திரை மௌனத்தில் ஆடுகிறவள் எங்கே பார்க்கிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்பதை ஒரு வரி எழுதினால்தான் அது அமைப்பாகும். இல்லையேல் வெறும் கூட்டல்தான்.

அன்று மாலை நான் விடைபெற்றபோது, அந்தப் பெண் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் தொடையில் தாளம் போட்டபடி, வலக்கையால் சொற்களைக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ததிங்கிணதொம் ஒரு மாத்திரை தள்ளிப்போய் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, அடித்துவிட்டு, மறுபடி சமத்திலிருந்து ஆரம்பித்தாள்.