அராபிகா என்னும் பெயரின் வரலாறு

காப்பி பயிரிடுவோர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'அராபிகா' என்பது ஒன்று. அரேபிய நாட்டிற்குரியது என்பதே இலத்தீன் மொழியில் இதன் பொருள். ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியாகிய லின்னேயஸ் என்பார் 1753-ம் வருஷத்தில் இச்செடிக்குக் 'காபியா அராபிகா' எனப் பெயரிட்டார். ஐரோப்பியர் அதனை அரேபியாவின் தென்கோடியிலுள்ள ஏமன் நாட்டுப் பயிராகவே அறிந்திருந்தனர். அந்நாட்டு மோக்கா துறைமுகத்தின் வழியாகவே காப்பிக்கொட்டை நெடுங்காலம் கப்பலேறி வந்தது.

ஆயினும் இச்செடியின் பூர்விகம் அரேபியா அன்று. செங்கடலுக்கு அப்பால், எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில் இது தானே முளைத்து வளர்கின்றது. அங்கிருந்தே ஏமனுக்குச் சென்றது. ஆகவே இப்பெயர் செடி பிறந்த இடத்தைக் குறியாது, வியாபாரம் நடந்த வழியையே குறிக்கின்றது.

இதனால் விவசாயிக்கு ஆவது யாதெனின், கூறுவாம். காட்டினின்று ஏமனுக்கு வந்த வித்துக்கள் சில. ஏமனைவிட்டு வெளியேறியவை அவற்றினும் சில. 17-ம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் பெரியார் ஏழு வித்துக்களைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் இட்டார் என்பது கர்ணபரம்பரை. 1706-ல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் சேர்ந்த செடியின் சந்ததியில் ஒன்று 1714-ல் பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயிக்கு அளிக்கப்பட்டது. அமெரிக்கத் தோட்டங்கள் பல இவ்வழி வந்தவையே. இவ்வாறு சில செடிகளின் வமிசமே உலகெங்கும் பரவியதால், நோயை எதிர்க்கும் குணபேதங்கள் அதில் அருகின. 1869-ல் இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றியபோது அதனைத் தாங்கவல்ல செடி தோட்டங்களில் இல்லை. காப்பி அழிந்தது, அவ்விடத்தைத் தேயிலை கொண்டது.

இதற்குப் பரிகாரம் தேடி, 1925-ல் ஏற்பட்ட பாலஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்தார், அராபிகாவும் லைபீரிகாவும் இயற்கையிற் கலந்து உண்டான செடியின் வழித்தோன்றலைக் 'கென்ட்' என்னும் அராபிகா வகையுடன் சேர்த்து, 'எஸ். 795' என்ற தேர்வை உண்டாக்கினர். அது முதலில் துருவை நன்கு தாங்கிற்று. பின்னர்த் துருப்பூஞ்சையின் புதிய இனங்கள் தோன்றவே, அவ்வன்மை குறைந்தது. 1964-65-ல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தார் எத்தியோப்பியக் காடுகளுக்கே சென்று வித்துக்களைச் சேகரித்தமை, இத்தகைய குணங்களை மூலஸ்தானத்தில் தேடும் பொருட்டேயாம்.

ஆகையால், சேர்வராயன் மலையிலாயினும், பழனி மலையிலாயினும், புதிதாக நடுவோர் 'அராபிகா' என்ற பெயரளவில் அமைதல் போதாது. அது இன்ன தேர்வு, இன்ன நிலையத்தினின்று வந்தது, துருவை எவ்வளவு தாங்கும் என்பனவற்றை விசாரித்து அறிந்த பின்னரே வித்தைப் பெறுதல் நலம். காப்பி பல்லாண்டுப் பயிராதலின், வித்தில் நேரும் பிழை நெடுங்காலம் நின்று வருத்தும்.