வாரத்துக்கு ஒரே ஓர் ஊசி!

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் சென்றால் நடுவழியில் வரும் ஊர் கந்தர்வக்கோட்டை. செம்மண் பூமி, சுற்றிலும் முந்திரித் தோப்புகள். அங்கே முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் ஒரு பெண்மணியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பது. சில மாதங்களாகக் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கை வழிக்கு வருகிறது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. மருத்துவர் சோதித்துப் பார்த்து, இது சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் என்கிறார். மெதோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதித் தருகிறார். முதலில் மாத்திரை; பிறகு தோலுக்கடியில் தாமே போட்டுக்கொள்ளும் ஊசி.

இந்தப் பெண்மணி நம் கற்பனைதான். ஆனால் நோய் கற்பனையன்று. உலகில் பலர் இந்நோயால் துன்புறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மருந்துச் சீட்டில் உள்ள "வாரம் ஒருமுறை" என்ற இரண்டு சொற்களைச் சரியாகப் படிப்பதில்தான் இவர்களுடைய உயிர் அடங்கியிருக்கிறது. ஏன் என்று பார்ப்போமா?

சொந்தப் படையே திரும்பினால்...

உடலில் நுழையும் கிருமிகளை எதிர்த்துப் போரிடுபவை இரத்த வெள்ளணுக்கள் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததுதான். முடக்குவாதத்தில் இவற்றுள் ஒரு பிரிவு, மூட்டின் உட்புறம் உள்ள மெல்லிய சவ்வையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. வலிமாத்திரை வலியைக் குறைக்குமே தவிர, இந்த அரிப்பை நிறுத்தாது. திரும்பிய படையை அடக்கும் மருந்தே வேண்டும்.

கீரைச் சத்தும் கள்ளச்சாவியும்

அந்த மருந்தின் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற பெண்களை வாட்டிய ஒருவகைச் சோகை, ஈஸ்ட் சாற்றினால் குணமாவதைக் கண்டறிந்து 1931-இல் வெளியிட்டார். ஈஸ்ட்டிலும் பசுங்கீரையிலும் உள்ள அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். 'இலை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இந்தச் சத்து இன்றியமையாதது.

1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையிலான குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அடுத்து, பார்வைக்கு ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச்சாவி போன்றவை இவை. இவற்றில் ஒன்றான அமினாப்டெரினைப் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-இல் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அமினாப்டெரினின் உடன்பிறப்பே மெதோட்ரெக்சேட். அமெரிக்க அரசு 1988-இல் இதை முடக்குவாத மருந்தாக ஏற்றது. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுவே.

ஏன் வாரம் ஒருமுறை?

முடக்குவாதத்துக்கு வழக்கமான அளவு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. "வாரம் ஒருமுறை நல்லது செய்தால் தினமும் போட்டால் இன்னும் நல்லதல்லவா?" என்று சிலருக்குத் தோன்றலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

மருந்து ஓரிரு நாளில் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் உயிரணுக்களுக்குள் புகுந்த பகுதி பல நாள் தங்கி வேலை செய்யும். எலும்பு மஜ்ஜையிலும் வாயிலும் குடலிலும் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நாள் மருந்து, ஆறு நாள் ஓய்வு என்றால் அவை தேறிக்கொள்ளும். தினமும் மருந்து வந்தால் தேற நேரம் ஏது?

இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். இரத்தம் உறைய உதவும் தட்டணுவுக்குச் சுமார் 10 நாள். கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களோ இரத்தத்தில் ஓரிரு நாள் இருந்தாலே அதிகம். எனவே மஜ்ஜை வேலை நிறுத்தம் செய்தால் வெள்ளணுக்கள்தாம் விரைவில் குறையும். அப்போது சாதாரணக் கிருமியும் உயிரைக் குடித்துவிடும். வார மருந்தைத் தினமும் உட்கொண்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இதற்கென்றே தனி எச்சரிக்கை ஏற்பாடுகளைச் செய்தது.

பகைவனுக்கே உணவா?

மருத்துவர் கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார். அதைத் தடுக்கும் மருந்தையும் கொடுத்து, அதையே சத்தாகவும் கொடுப்பானேன்? நல்ல கேள்வி. சிறிய அளவில் மெதோட்ரெக்சேட் மூட்டு வீக்கத்தைத் தணிப்பது, பெரும்பாலும் அடினோசின் என்ற பொருளைப் பெருகச் செய்வதன் மூலம் என்று கருதப்படுகிறது. எனவே ஃபோலிக் அமிலம் நன்மையைப் பெரிதும் கெடுக்காமல் வாய்ப்புண், குமட்டல், ஈரல் பாதிப்பு ஆகியவற்றைக் குறைக்கிறது. ஊசி போடும் நாளில் இதைத் தவிர்த்து வேறு நாளில் உட்கொள்வதே வழக்கம். ஓர் எச்சரிக்கை: இரு மருந்துகளும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகளாகக் கிடைப்பது உண்டு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது.

ஊசிக் கணக்கு

வாரத்துக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடல் மாத்திரையை முழுதும் உறிஞ்சுவதில்லை. அதனால்தான் ஊசி. வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போடலாம். வாரந்தோறும் இடத்தை மாற்ற வேண்டும்.

ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லிகிராம் மருந்து உள்ள குப்பி என்று வைத்துக்கொள்வோம். போட வேண்டியது 10 மில்லிகிராம். 10-ஐ 25-ஆல் வகுத்தால் 0.4 மில்லிலிட்டர். இதை இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பவர்கள் உண்டு. அதில் இரண்டு வகை. ஒன்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். மற்றதில் 40 யூனிட். முன்னதில் 0.4 மில்லிலிட்டர் என்பது 40-ஆம் கோடு. பின்னதில் 16-ஆம் கோடு. "40 வரை எடு" என்ற வாய்ச்சொல்லை நம்பி 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் உடலில் ஏறுவது 25 மில்லிகிராம். இரண்டரை மடங்கு! ஆகவே மில்லிகிராம், மில்லிலிட்டர் இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு, எந்தச் சிரிஞ்சு என்பதையும் கேட்டறிய வேண்டும். சரியான அளவு முன்பே நிரப்பப்பட்ட ஊசிகளும் கடைகளில் உண்டு. பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் எறியாமல் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

இரத்தம் சொல்லும் செய்தி

மருந்து தொடங்குமுன் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். மார்பு எக்ஸ்ரேயும், ஈரலைத் தாக்கும் பி, சி வைரஸ் சோதனைகளும் உண்டு. முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறையும் இரத்தச் சோதனை செய்வது வழக்கம். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. உடம்புக்குத் தெரியுமுன் இரத்தத்துக்குத் தெரிந்துவிடும்.

இம்மருந்தை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. எனவே வயிற்றுப்போக்கு, வாந்தி, கோடை வெயில் ஆகியவற்றால் உடலில் நீர் வற்றினால் மருந்து உள்ளேயே தேங்கும். அப்போது மருத்துவரைக் கேளாமல் அடுத்த ஊசி போடாதீர்கள். கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை இதனோடு சேர்ந்தால் மஜ்ஜையைக் கெடுக்கும். கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரையும் மதுவும் கேடானவை. கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து இது. ஆகவே கர்ப்பிணிகளுக்குக் கூடாது; குழந்தை வேண்டுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண், தோலில் நீலத் தடிப்பு, வறட்டு இருமலுடன் மூச்சுத்திணறல், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தவறி அதிகமாகப் போட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஃபோலினிக் அமிலம் என்ற மாற்று மருந்து உண்டு. அது எவ்வளவு விரைவில் உடலில் சேர்கிறதோ அவ்வளவு நல்லது.

நம் கந்தர்வக்கோட்டைப் பெண்மணிக்கு வருவோம். மருந்துப் பெட்டியில் உள்ள எழுத்துகள் அவருக்குப் புரியாமல் இருக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அவன் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் 'ஊசி' என்று எழுதி வைக்கட்டும். போட்டு முடிந்ததும் தாளைக் கிழித்துப் பையில் பத்திரப்படுத்தட்டும். ஒரு ஞாயிறு மறந்துபோனால், இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். அதற்கு மேலானால் அடுத்த ஞாயிறுதான். இரண்டு ஊசியை ஒன்றாகப் போடுவது ஒருபோதும் கூடாது.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இந்த மருந்து இருக்கிறதா? இன்றே அந்தச் சீட்டை எடுத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள்.