சீட்டாட்டத்தில் நிலைபெறும் விளைவுகள்

கணித அறிஞர் றிச்சட் காபீல்ட் அமைத்து, 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'மஜிக்: த கதறிங்', சேகரித்தும் பரிமாறியும் ஆடப்படும் சீட்டாட்டங்களுக்கு முன்னோடியாகும். அதன்கண் சீட்டுகளால் உண்டாகும் விளைவுகளுட் சில நிகழ்ந்த அளவிலே முடிவன. சில தொடர்ந்து நிலைபெறுவன. பின்னவை இருவகைப்படும்.

ஒன்று, ஆடி முடித்த மந்திரச் சீட்டினால் விளைவது. 'ஓவர்ரன்' என்னுஞ் சீட்டு, ஆடுபவனுடைய உயிரிகளுக்கு வலிமையிலும் தாங்குதிறனிலும் மும்மூன்று கூட்டும். அவ்விளைவு அவனது அம்முறை முடியும்வரை நிற்கும். ஆயினும் அச்சீட்டுச் செயற்பட்ட கணத்திற் களத்தில் நின்ற உயிரிகளே பயன்பெறும். பின்னர் வருவன பெறா.

மற்றையது, களத்தில் தங்கியிருக்குஞ் சீட்டின் இயல்பால் விளைவது. 'குளோரியஸ் அந்தெம்' என்பது அவ்வாறே ஒவ்வொன்று கூட்டும். பின்னர் வருவனவற்றுக்கும் கூட்டும். சீட்டு நீங்கின் விளைவும் உடனே நீங்கும்.

இவ்வேறுபாட்டாற் பெறப்படுவது யாதெனின், தாங்குதிறன் இரண்டுடைய உயிரி அந்தெமினால் மூன்று பெற்று, இரண்டு ஊறுபட்டும் பிழைத்திருக்கும். அம்முறை முடியுமுன் எதிரி அந்தெமை அழிப்பின், தாங்குதிறன் மீண்டும் இரண்டாகும். பட்ட ஊறோ குறையாது. ஆதலின் உயிரி மாயும். ஓவர்ரன் தந்த வலிமையோ முறையின் இறுதியில் ஊறோடு ஒருங்கே நீங்குதலின், அதனால் இவ்விடர் நேராது.

ஆகவே, நிலைபெறும் விளைவொன்றை மதிப்பிடுவோர் அதன் அளவை மட்டுமன்றி, அஃது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.