கொடி குத்தினால் மட்டும் போதுமா?



டிசம்பர் 7 கொடிநாள். 1949ஆம் ஆண்டிலிருந்து கடைப்பிடிக்கப்படுகிறது. கொடியிலுள்ள சிவப்பு தரைப்படையையும், கருநீலம் கடற்படையையும், வெளிர்நீலம் விமானப்படையையும் குறிக்கும். உண்டியலில் நாம் போடும் காசு முன்னாள் படைவீரர்களின் நலனுக்கும், போரில் உயிர்விட்டவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது.

நல்ல காரியம்தான். ஆனா காசைவிட ஆள் துணை தேவைப்படும் நேரமும் உண்டு.

பென்ஷன் வாங்குபவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்! வயதானவர்களின் கைரேகை தேய்ந்துபோய் மெஷினில் சரியாகப் பதியாது. 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியும் கொடுக்கலாம். நமக்கு அது சின்ன வேலை. 80 வயது தாத்தாவுக்கு?

எங்கள் தெரு மிலிட்டரி தாத்தாவுக்கு அப்பா பக்கத்தில் இருக்க, நான்தான் போனைப் பிடித்தேன். அவருக்கு வரும் கடிதங்களையும் படித்துக் காட்டுவேன். அவர் எனக்கு மேப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தார். சமூக அறிவியலில் இப்ப மேப் கேள்விக்குப் பயமே இல்லை! பேச ஆள் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம்.

இந்தத் தொண்டுக்கு வயது கிடையாது. நாம் கடிதம் படிக்கலாம். கல்லூரி அண்ணன், அக்காமார் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போகலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மனு எழுதித் தரலாம். வீட்டிலிருக்கும் பாட்டிகூட, கணவரை இழந்த ஒரு வீரரின் மனைவிக்குப் பேச்சுத் துணையாகலாம்.

ஒரு எச்சரிக்கை: அவர்களின் ஓ.டி.பி., வங்கி எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது.

கொடியைச் சட்டையில் குத்துவோம். கூடவே ஒரு மணி நேரமும் கொடுப்போம்!