அழுகை தானே அடங்கட்டும்

ஒரு குழந்தைகள் மருத்துவமனை. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் கூட்டத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன், அப்பாவின் பைக் சாவியைக் கேட்டு அழுகிறான். கிடைக்கவில்லை என்றதும் தரையில் விழுந்து புரள்கிறான். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அப்பா சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டுகிறார். குழாயை மூடியதுபோல் அழுகை நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து டாக்டர் கூப்பிட, அப்பா போனைத் திரும்ப வாங்குகிறார். இப்போது எழும் அலறல் முதலில் வந்ததைவிட இரண்டு மடங்கு.

அடம்பிடித்து அழுவதற்கும் ஒரு போக்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் பொட்டேகல், ஜேம்ஸ் கிரீன் ஆகியோர் சிறு குழந்தைகளின் உடையில் மைக் பொருத்தி அழுகையைப் பதிவுசெய்து அலசினார்கள். 2011இல் முடிவுகள் வெளியாயின. கத்தலும் அலறலும் கோபத்தின் ஒலிகள். சிணுங்கலும் விம்மலும் சோகத்தின் ஒலிகள். கோபம் சட்டென்று ஏறிச் சரிந்துவிடுகிறது; மிஞ்சுவது சோகம். அப்போதுதான் குழந்தை மடி தேடி வருகிறது. ஏறிய கோபம் இறங்கும் என்பதைக் குழந்தை பட்டுத் தெரிந்துகொள்ளும் நேரம் அது. உச்சத்திலேயே போனைக் கொடுத்துவிட்டால், ஏறத் தெரிந்த குழந்தைக்கு இறங்கும் வழி தெரியாமலே போகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ஜென்னி ரடெஸ்கியின் குழு, 3 முதல் 5 வயது வரையுள்ள 422 குழந்தைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்தது. சமாதானப்படுத்த அடிக்கடி போனோ டேப்லெட்டோ கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம், சிறு விஷயத்துக்கும் பொசுக்கென்று கொதிப்பது கூடியிருந்தது. பையன்களிடமும், ஏற்கெனவே ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருந்தவர்களிடமும் இது அதிகம்.

அப்படியானால் குற்றம் போன்மீதா, குழந்தையின் சுபாவத்தின்மீதா? கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. மூன்றரை வயதில் டேப்லெட்டை அதிகம் பார்த்த குழந்தைகளுக்கு நாலரை வயதில் கோபமும் எரிச்சலும் கூடுதலாக இருந்தன. நாலரை வயதில் கோபம் கூடியிருந்தவர்கள் ஐந்தரை வயதில் டேப்லெட்டை இன்னும் அதிகம் பார்த்தார்கள். கோபத்துக்கு மருந்தாகக் கொடுத்ததே கோபத்தை வளர்க்கவும் கூடும். வளர்ந்த கோபம் மறுபடி அதையே கேட்கக்கூடும்.

பள்ளி வயதிலும் இதுபோன்ற தொடர்பு தெரிகிறது. ஜப்பானில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் 1,642 பேரின் பெற்றோரிடம் விசாரித்த ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல் போனும் டேப்லெட்டும் பார்த்த குழந்தைகளிடம், சொல்பேச்சு கேளாமையும் முரட்டுத்தனமும் கவனச்சிதறலும் அதிகம் தென்பட்டன. வகுப்பறை எப்படிப்பட்ட இடம்? தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கேட்டது கிடைக்காவிட்டால் பொறுக்க வேண்டும். விரலால் தள்ளியதும் அடுத்த வீடியோ வந்து பழகிய பிள்ளைக்கு இந்த இரண்டுமே பெரிய பாரம்.

இந்த ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, போன் ஒன்றே காரணம் என்று நிரூபிக்கவில்லை. தூக்கக் குறைவு, வீட்டுச் சூழல், பெற்றோரின் களைப்பு எல்லாவற்றுக்கும் இதில் பங்கிருக்கலாம். நாள் முழுக்க உழைத்து வந்த தாய் ஐந்து நிமிட அமைதிக்காகப் போனைக் கொடுப்பதைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் அதுவே முதல் வழியாகிவிடக் கூடாது. இரண்டு வயதுக்குள் உறவினரோடு வீடியோ காலில் பேசுவது தவிர திரையே வேண்டாம், 2 முதல் 5 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்.

அடுத்த முறை குழந்தை அடம்பிடித்தால், பக்கத்தில் உட்காருங்கள். “கோபமா இருக்கா? நான் இங்கேயே இருக்கேன்” என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு காத்திருங்கள். பொட்டேகலின் முந்தைய ஆய்வொன்றில், நான்கில் மூன்று குழந்தைகளின் அடம் ஐந்து நிமிடத்துக்குள் ஓய்ந்திருந்தது. அந்த ஐந்து நிமிடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.