மாத்திரை நேரமும் மற்றவர் கண்ணும்

இரவு எட்டு மணி. அம்மாவின் கைப்பேசி, கேம் ஆடும் மகன் கையில். 'மாத்திரை போட்டாச்சா?' என்று மட்டும் செய்தி வந்தால் அவனே அடுப்படிக்கு ஒரு குரல் கொடுப்பான். மருந்தின் பெயரும் சிகிச்சை மையத்தின் பெயரும் சேர்ந்து வந்தால், மாமியாருக்குக்கூடச் சொல்லாத நோயை அவன் வாய்விட்டுப் படித்துவிடுவான்.

கென்யாவில் இதை யோசித்தே செய்தார்கள். எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை ஒரே சொல் போகும்: 'மாம்போ?' எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். மருந்துப் பேச்சே கிடையாது. 48 மணி நேரத்துக்குள் 'சாவா' அல்லது 'ஷிடா' என்று பதில் போட வேண்டும். முதலாவது, நம் காதுக்கு எப்படிக் கேட்டாலும், 'நல்லாயிருக்கேன்', மற்றது 'சிக்கல்'. சிக்கல் என்றவர்களையும் பதிலே போடாதவர்களையும் நர்ஸ் கூப்பிட்டுப் பேசுவார். 538 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒழுங்காக மருந்து எடுத்ததாகச் சொன்னவர்கள், செய்தி போனவர்களில் 62 சதவீதம்; போகாதவர்களில் 50. பாதிப் பெருமை அந்த நர்ஸுக்குத்தான் என்பது என் எண்ணம்.

ஆகவே நினைவூட்டல் செய்தி அனுப்ப ஆஸ்பத்திரியில் கைப்பேசி எண் கேட்டால், நீங்களும் கேளுங்கள்: செய்தியில் என்ன எழுதுவீர்கள்? பதில் போட்டால் யார் பார்ப்பார்கள்? நோயின் பெயர் வேண்டாம் என்று சொல்லலாம். செய்தியே வேண்டாம் என்றும் சொல்லலாம். அதனால் மருந்து நின்றுவிடக் கூடாது. எண் மாறினால் உடனே தெரிவியுங்கள். பழைய எண் இன்னொருவர் கைக்குப் போகலாம்.

எச்.ஐ.வி.க்கு இந்தியாவில் தனிச் சட்டமே உண்டு. 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சைக்காக நம்பிச் சொன்ன விஷயத்தை, நோயாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொதுவாக வெளியே சொல்லக் கூடாது. பதிவேடுகளைப் பாதுகாப்பதும் அவற்றை வைத்திருக்கும் நிறுவனத்தின் கடமை. பாகுபாடு காட்டினாலோ சிகிச்சை மறுத்தாலோ மாநிலக் குறைகேட்பு அலுவலரிடம் புகார் தரலாம். அவர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லையா? 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

இன்னொன்று. டாக்டர் போன வாரம் மாத்திரையை மாற்றியிருப்பார். செய்தி பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். டாக்டர் எழுதிய சீட்டைப் பாருங்கள். மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஓடிபி தேவையில்லை. யாராவது ஓடிபி கேட்டு வாங்கி, பணமும் போய்விட்டால், தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐக் கூப்பிடுங்கள்.